மூன்றாம் ஆண்டு வந்தும் வாசிக்க வராத பிள்ளைகள்: கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

செந்தூல், பந்தாய் டாலாம், செராஸ் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து பிள்ளைகள் வரும் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேரில் எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு வரிகூட வாசிக்க வராது. பாடநூலோ எல்லாருக்கும் வாசிக்க வரும் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. அந்த எட்டுப் பத்துப் பேரை வாசிக்க வைப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே. வரிசை முக்கியம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் திறமை குறைவதில்லை. ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள்.

1. பள்ளி திறக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சென்ற ஆண்டு வகுப்பாசிரியரிடமிருந்து மூன்று பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று வருகைப் பதிவு, இன்னொன்று ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச உணவு தரும் ஆர்எம்டி திட்டத்தில் இருப்பவர்களின் பெயர், மூன்றாவது பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புக்குப் போனவர்களின் பெயர். அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தால் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தொலைபேசி எண்களாவது வேண்டும். ப்ரீபெய்ட் எண்கள் அடிக்கடி மாறும். ஒன்று செத்துப்போனால் இன்னொன்று வேண்டும்.

அப்புறம் ஒரு தடித்த நோட்டு, கையால் எழுதிய எழுத்து அட்டைகள், ஒரு டின் நிறையப் பென்சில். பென்சில் இல்லாமல் வரும் பிள்ளையிடம் ‘ஏன் கொண்டுவரவில்லை’ என்று விசாரிக்க ஆரம்பித்தால் பாடத்தில் ஐந்து நிமிடம் போகும், அவனுக்கு அன்றைய மனநிலையும் போகும். டின்னிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், போகும்போது திரும்பப் போடட்டும்.

வகுப்பறையை அலங்கரிப்பதில் இரண்டு வார இறுதிகளையும் சொந்தப் பணத்தையும் செலவழிக்காதீர்கள். வண்ணக் காகிதப் பூவைப் பார்த்து யாரும் வாசிக்கக் கற்றதில்லை. அட்டை, ஏ4 தாளெல்லாம் அரசாங்கம் பள்ளிக்குப் பாடவாரியாகத் தரும் பிசிஜி மானியத்தில் கேட்கலாம். அதில் முடியாததைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கலாம்.

2. முதலில் யார் வருவதில்லை என்று பாருங்கள்

பாடத்துக்கு முன் இது. வாசிப்பு நாளும் தொடர்ந்து செய்தால்தான் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு நீங்கள் எந்த முறையில் கற்பித்தாலும் ஒன்றுதான்.

சென்ற ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை, மாதத்தில் எந்த வாரம் என்று வட்டம் போடுங்கள். காரணம் தானாகத் தெரியும். திங்கட்கிழமைகளில் வராதவன் வார இறுதியில் பாட்டி வீட்டில் இருக்கிறான். மாதக் கடைசியில் வராதவனுக்கு வேன் பணம் கட்டவில்லை. மழை நாளில் வராதவள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். தாமதமாகவே வருகிறவனை வைவதற்கு முன் அவன் எந்தப் புளோக்கில் இருக்கிறான் என்று கேளுங்கள். பிபிஆர் என்ற அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடிகள் பதினேழு, பதினெட்டு மாடி. காலை ஆறரை மணிக்கு ஒரு லிஃப்ட் பழுதாகி, மற்றொன்று ஒவ்வொரு மாடியிலும் நின்று இறங்கினால் வேன் போய்விடும்.

காரணத்துக்கு ஏற்ற மாதிரிதான் செய்ய முடியும். வேன் பணம் பிரச்சினை என்றால் துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லி ஏழை மாணவர் அறநிதியான கேடபள்யுஏபிஎம் உதவிக்குப் பெயர் கொடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா மாணவர்களுக்கும் அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் பள்ளி உதவிநிதி சீருடைக்கும் காலணிக்குமே சரியாகப் போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். லிஃப்ட் பிரச்சினைக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முக்கியமான வாசிப்பு நேரத்தை முதல் பாட வேளையில் வைக்காமல் இரண்டாவதில் வையுங்கள்.

தொடர்ந்து வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது வகுப்பாசிரியரின் வேலை. அனுப்பத்தான் வேண்டும். ஆனால் கடிதம் போவதற்கு முன் ஒரு தடவை பேசிவிடுங்கள். முதல் தொடர்பே எச்சரிக்கையாக இருந்தால் அந்த வீட்டில் உங்கள் அழைப்பை அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

தைப்பூச வாரத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் புதிய எழுத்து எதுவும் தொடங்காதீர்கள். பத்துமலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து தூங்கி எழ இரண்டு நாள் ஆகும். அந்த வாரங்கள் பழையதைத் திருப்பிப் பார்க்க.

3. வயிறு, கண், காது

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளை எத்தனை பேர் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டால் கை தூக்க மாட்டார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தனித்தனியாகப் பேச்சுவாக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ‘மைலோ குடிச்சேன் டீச்சர்’ என்பதும் பல நேரம் ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். ஆர்எம்டி பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் உடனே சொல்லுங்கள். ஓய்வு நேரத்தில் கொடுக்கும் உணவைப் பாடம் தொடங்கும் முன்பே கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கண் பார்வையைச் சோதிக்க மருத்துவர் வேண்டியதில்லை. வெண்பலகையில் ஐந்து எழுத்துகள் எழுதி, கடைசி வரிசையில் இருப்பவனைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவனையே பலகைக்கு அருகில் கூட்டி வந்து அதையே கேளுங்கள். இரண்டு விடையும் வேறாக இருந்தால் கண்ணாடி தேவைப்படலாம். முகத்தைத் திருப்பி ஒரு பக்கமாகவே கேட்கிறவனுக்குக் காதைப் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு இருக்குமோ என்று தோன்றினாலும் அதே கிளினிக்குதான் முதல் படி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை மூன்றாவதாக வைத்திருக்கிறேன். இப்போது தொடங்கினால் ஆண்டு நடுவிலாவது விடை வரும்.

4. வாசிப்புச் சோதனை

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பாடநூலை வைத்துச் சோதிக்காதீர்கள். அண்ணன், அக்கா படித்துக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கண் மேலே மின்விசிறியைப் பார்க்க, வாய் மட்டும் முழுப் பக்கத்தையும் தடையில்லாமல் ஒப்பிக்கும். விரல் இரண்டாவது வரியில் நிற்கும், குரல் நான்காவது வரியில் போய்க்கொண்டிருக்கும்.

நீங்களே ஒரு தாள் தயாரியுங்கள். படம் எதுவும் வேண்டாம், படத்தைப் பார்த்து ஊகிப்பார்கள்.

முதல் பகுதி: வரிசை மாற்றிப் போட்ட இருபது எழுத்துகள். உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் கலந்து இருக்கட்டும்.
இரண்டாம் பகுதி: படம், கடல், மரம் போன்ற பத்துச் சொற்கள்.
மூன்றாம் பகுதி: கொடி, பூனை, வெண்டைக்காய், கோயில் போன்ற பத்துச் சொற்கள்.
நான்காம் பகுதி: நான்கு வாக்கியம் உள்ள ஒரு பத்தி, அதிலிருந்து மூன்று கேள்வி.

ஒரு பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம் போதும். ஒருநாளில் மூன்று பேர் என்றால் இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். மற்றவர்கள் எழுத்து வேலை செய்யும்போது உங்கள் மேசைக்குப் பக்கத்தில், வகுப்புக்கு முதுகு காட்டி உட்கார வைத்துச் செய்யுங்கள். மற்றவர்கள் காதில் விழுந்தால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

தவறை அப்படியே எழுதி வையுங்கள். வெறும் தப்பு, சரி என்று குறித்தால் பயன் இல்லை. ‘மரம்’ என்பதை ஒருவன் ‘ம, ர, இம்’ என்று வாசிப்பான். இது மிகவும் பரவலான தவறு. மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அவனும் நாம் சொன்னபடியேதான் வாசிக்கிறான். இன்னொருத்தி ‘பம்பரம்’ என்பதில் முதல் ‘ப’வையும் இரண்டாவது ‘ப’வையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்வாள். மலாயில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒன்றே என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே மருந்து ஆகாது.

5. நான்கு குழுவாகப் பிரிப்பது

சோதனை முடிந்ததும் வகுப்பு நான்காகப் பிரியும். பெயர் வைக்கும்போது பழம், பூ என்று வையுங்கள். எண் கொடுத்தால் எது கடைசி என்று பிள்ளைகளுக்கு அரை நாளில் தெரிந்துவிடும்.

அ) எழுத்தே தெரியாதவர்கள். 247 எழுத்து அட்டவணையை மறுபடி முதலிலிருந்து ஓதவைக்காதீர்கள். இரண்டு ஆண்டு ஓதி ஏறாதது மூன்றாம் ஆண்டு ஓதினாலும் ஏறாது. ட, ப, ம, ர, க, ல என்ற ஆறு எழுத்தையும் அவற்றின் புள்ளி வைத்த வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை வைத்தே படம், மரம், பல், கல், கடல், பட்டம், பக்கம் எல்லாம் வாசித்துவிடலாம். முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்த ஆறு.

அடுத்து ஆகாரம்: கால், பால், பாடம். அப்புறம் இகரம், ஈகாரம்: படி, மாடி, கீரி. உகரத்தைப் பின்னால் தள்ளுங்கள். கு, டு, பு, ரு, லு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வருவதால் அதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அதற்கும் பின்னால் எகரம், ஒகரம். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடும். ஒரு சிறு காகிதத் துண்டால் கொம்பை மறைத்து ‘க’ என்று சொல்ல வையுங்கள், பிறகு துண்டை எடுத்துக் ‘கெ’ என்று சொல்ல வையுங்கள். ஔகார வரிசையை இந்த ஆண்டு தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அது வரும் சொற்கள் மிகச் சில.

ஆ) எழுத்து தெரியும், சேர்க்கத் தெரியாது. மேலே சொன்ன ‘ம, ர, இம்’ பிள்ளைகள். இவர்களுக்கு அம், கம், டம், பம், ரம் என்று புள்ளியெழுத்தை முன்னெழுத்தோடு ஒட்டியே அட்டையில் எழுதுங்கள். தனியாக ‘ம்’ அட்டை காட்டாதீர்கள். இவர்களில் பலர் பாலர் பள்ளியில் மலாயை அசை அசையாகப் படித்தவர்கள். ‘பு, கு, புகு’ (buku, புத்தகம்) என்று சேர்க்க ஏற்கெனவே தெரியும். அதே வித்தைதான் இது என்று காட்டினால் சிலர் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இ) வாசிப்பார்கள், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து. ஒரே பத்தியை நான்கு நாள் வாசிக்க வையுங்கள். ஒவ்வொரு நாளும் புதிய பத்தி கொடுப்பது இங்கே தவறு. நான்காம் நாள் வேகமாகப் போவதை அவர்களே உணர்வார்கள்.

ஈ) நன்றாக வாசிப்பார்கள், ஒன்றும் புரியாது. இவர்களைத்தான் நாம் தவற விடுகிறோம், ஏனென்றால் காதுக்கு நன்றாகக் கேட்கிறது. இங்கே சிக்கல் சொல்வளம். பதினான்காம் மாடியில் வளரும் பிள்ளை வரப்பையும் களத்துமேட்டையும் எங்கே பார்த்தது? வீட்டில் தமிழும் மலாயும் கலந்த பேச்சு. வாசிப்பதற்கு முன் மூன்று சொல்லை எடுத்துப் பேசிவிடுங்கள், வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அவர்கள் பேச்சிலேயே கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கொச்சையாகச் சொன்னால் திருத்த வேண்டாம், இப்போது வேலை அது இல்லை.

6. நாள்தோறும் இருபது நிமிடம்

ஒரு மணி நேரத் தமிழ் வேளையில் முதல் இருபது நிமிடத்தை அ, ஆ குழுக்களுக்கு ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுதல் வகுப்பு வைப்பதைவிட இதுவே பயன் தருகிறது. பள்ளி முடிந்த பிறகு வைத்தால் வேன் போய்விடும். யாருக்குத் தேவையோ அவர்கள்தான் வர முடியாமல் போவார்கள்.

மூன்று நிமிடம் பழைய அட்டை. ஐந்து நிமிடம் சேர்த்து வாசிப்பு. ஏழு நிமிடம் அன்றைய துண்டுத்தாள், அதாவது தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்து நீங்கள் எழுதிய மூன்று, நான்கு வரி. கடைசி ஐந்து நிமிடம் சொல்வதெழுதுதல், மூன்றே சொல். எழுத வைப்பதற்குக் காரணம் உண்டு. வாசிக்கும்போது முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிற பிள்ளை எழுதும்போது மாட்டிக்கொள்ளும்.

மற்றவர்களுக்கு வகுப்பில் நுழையும்போதே பலகையில் வேலை எழுதியிருக்க வேண்டும். இ, ஈ குழுவினரை இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசிக்க வையுங்கள். நன்றாக வாசிப்பவளை ‘குட்டி டீச்சர்’ ஆக்கி அ குழுப் பிள்ளையோடு உட்கார வைப்பதைப் பல வகுப்புகளில் பார்க்கிறேன். அவன் திணறும்போது இவள் சொல்லைச் சொல்லிவிடுவாள். அவன் அதைத் திருப்பிச் சொல்வான். இருவரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், வாசிப்பு நடந்திருக்காது.

நீங்கள் பட்டறைக்கோ கூட்டத்துக்கோ போகும் நாள் கட்டாயம் வரும். அதுவும் பள்ளி நேரத்தில்தான் வைப்பார்கள், என்ன செய்ய. அன்றைய அட்டையையும் துண்டுத்தாளையும் ஓர் உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். ரிலீஃபுக்கு வரும் ஆசிரியர் வெறும் கையோடு வந்தால் வகுப்பு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்.

7. சத்தமும் பிரம்பும்

வாசிக்கத் தெரியாத ஒன்பது வயதுப் பையன் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே கலாட்டா செய்கிறான். அவனுடைய முறை வருவதற்குச் சற்று முன்னால்தான் பென்சில் கீழே விழும், கழிப்பறை அவசரம் வரும். அதனால் வரிசையாக எல்லாரையும் சத்தமாக வாசிக்க வைப்பதை நிறுத்துங்கள். சத்தம் பாதி குறையும்.

பிரம்பு பற்றிப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிமுறைகளின்படி தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோ தவிர வேறு யாரும் பிரம்பால் அடிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. ‘அடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்’ என்று பெற்றோரே சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

8. வீட்டோடு பேசுவது

கடிதம் கொடுத்தனுப்புவது பலிக்காது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரில் பலர் தாங்கள் மலாய்வழித் தேசியப்பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பதில் போடாமல் இருந்துவிடுவார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருப்போம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் தமிழில் அனுப்புங்கள், தேதி, நேரம் மட்டும் மலாயில் எழுத்தாகப் போடுங்கள்.

நேரம் பார்த்துப் பேசுங்கள். செக்யூரிட்டி வேலையில் இருக்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஏழிலிருந்து ஏழு வரை பன்னிரண்டு மணி நேர வேலை. காலையில் கூப்பிட்டால் எடுக்க முடியாது. இரவு எட்டரை வாக்கில் எடுப்பார்கள். பள்ளியின் எண்ணைப் பார்த்ததும் பயந்துதான் எடுப்பார்கள், அதனால் முதல் வரியிலேயே பயத்தை எடுத்துவிடுங்கள்:

‘வணக்கம்மா, தம்பியோட கிளாஸ் டீச்சர் பேசுறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல. தம்பி இன்னைக்கு மூணு வரி தானா வாசிச்சான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.’

கோரிக்கையை இரண்டாவது அழைப்பில் வையுங்கள், அதுவும் ஒன்றே ஒன்று. சாப்பிட்ட பிறகு அந்தத் துண்டுத்தாளை வீட்டில் யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டட்டும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும். யாரும் இல்லாவிட்டால் அம்மாவின் கைப்பேசியில் உங்களுக்குக் குரல் பதிவாக அனுப்பட்டும். படிக்கத் தனி இடம், அமைதி, மேசை என்று பட்டியல் போடாதீர்கள். பிபிஆரில் மாதம் 124 ரிங்கிட் வாடகையில் மூன்று அறை வீடு, அதில் தாத்தா பாட்டியோடு ஏழெட்டுப் பேர், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். முடியாததைக் கேட்டால் முடிந்ததையும் செய்ய மாட்டார்கள்.

அறிக்கை அட்டை நாளில் வராதவர்களைப் பிடிக்க, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். வேன் ஓட்டுநரிடமும் பேசிவையுங்கள். எந்த வீட்டில் என்ன நிலவரம் என்று நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

9. மதிப்பீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை நீங்கள் போடும் அடைவுநிலைதான் பேசும். எல்லாருக்கும் மூன்று போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூன்று வாங்கிய பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பில் இடம் கேட்க முடியாது. நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதித் தேர்வு எழுத வேண்டும். தாய்மொழியிலேயே வாசிக்க வராத பிள்ளை மலாயிலும் தடுமாறுவான், இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் போதாதவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டி வரும். ஒன்று என்றால் ஒன்று என்றே போட்டு, பக்கத்தில் சோதனைத் தாளை இணைத்து வையுங்கள்.

10. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுசோதனை

அதே நான்கு பகுதி, வேறு சொற்கள். முதல் தாளின் அருகில் வைத்துப் பாருங்கள். எழுத்து எண்ணிக்கை கூடாவிட்டாலும் ‘இம்’ என்று வாசிப்பது நின்றிருந்தால் அது முன்னேற்றம், குழு மாற்றலாம். இரண்டு சோதனை ஆகியும் அசையாத பிள்ளைக்கு வருகைப் பதிவையும் கண், காது விவரத்தையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் கிளினிக் விஷயத்தைத் துரிதப்படுத்த வேண்டும்.

ஆண்டு முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள். எந்த எழுத்து வரை வந்திருக்கிறான், எதில் தடுமாறுகிறான், வீட்டில் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினால் பதில் கிடைக்கும், யாருடைய வேனில் வருகிறான் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி நான்காம் ஆண்டு ஆசிரியருக்கு, ஒரு பிரதி குறைநீக்கல் ஆசிரியருக்கு. கோப்பில் போட்டு அலமாரியில் வைத்துவிடாமல் கையில் கொடுங்கள். விடுமுறைக்கு முந்திய வாரம் எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், அதனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.